தம்பி பெயரில் ஒரு கிராண்ட்

லூபுக் செந்தால்,
ரபியுல் அவ்வல் 5, 1329

தம்பி சிடின்,

சலாம் எழுதக் கை வரவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பான். உன்னை மன்னிப்பானா என்பது உன் பாடு, அவன் பாடு.

முந்தாநாள் காலையில் வயலுக்குப் போனேன். அறுப்பு முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது, எருமை தாளை மேய்ந்துகொண்டிருந்தது. ஓடை முனையிலிருந்து மேட்டு டுரியான் தோப்பு வரைக்கும் சிவப்புச் சாயம் அடித்த முளைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். இரண்டு பேர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் குடை பிடித்தபடி ஒரு ஏஜெண்டு. யார் நீங்கள் என்று கேட்டேன்.

"ரப்பர் கம்பெனி வாங்கப்போற நிலம் இது. கொஞ்சம் ஓரமா போங்கம்மா."

"யாரு வித்தா?"

"நிலத்துக்காரர்தான்."

"நிலத்துக்காரி நான். நான் விக்கலையே!"

சிரித்தான். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். வெள்ளைக்காரன் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அடியில் இருந்த கையெழுத்து தெரிந்தது. அப்பா பிரம்பால் அடித்தும் திருந்தாத, வால் நீண்ட உன் கையெழுத்து. உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன் என்பதை மறந்துவிட்டாயா?

நான்கு வருடத்துக்கு முன் அதிகாரி ஊருக்கு வந்து கூடாரம் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலம் பெண்களுக்கு, வெளியாள் முன்னால் போய்ப் பேசுவது ஆண்களுக்கு. நம் வழக்கம் அதுதானே. நாள் முழுக்க வெயிலில் வரிசை கட்டி நிற்க இந்த ஊரில் ஒரு பெண்ணும் போகவில்லை. அது எடுபிடி வேலை, ஆம்பிளைகள் போகட்டும் என்று இருந்துவிட்டோம். நான் உனக்கு மூங்கில் சோறும் கோழியும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன். சாயங்காலம் வந்து, "ஆச்சு அக்கா, எழுதியாச்சு" என்றாய். யார் பெயரில் என்று நான் கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கி வந்தவனிடம் மூட்டை யாருடையது என்று யாராவது கேட்பார்களா?

அம்மா எனக்கு விட்டுப் போன நிலம். அம்மாவுக்கு அவள் அம்மா விட்டுப் போனது. எனக்குப் பின் என் மகள் லிஜாவுக்கு. அதை விற்க நீ யார்?

வருகிற ஜமாதுல் அவ்வல் இரண்டாம் நாள், அவர்கள் கணக்கில் மே மாதம் முதல் தேதி, அலுவலகத்தில் எழுதி முடித்துவிடுவார்களாம். அதற்குள் பதில் எழுது. என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா
ஜெனாப்


சிரம்பான்,
1911 மார்ச் 14

மரியாதைக்குரிய மூத்த அக்கா அவர்களுக்கு,

சலாம். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

நான்தான் விற்க ஒப்புக்கொண்டேன். ஒளிக்க எதுவும் இல்லை. இன்னும் ஒரு காசு கை மாறவில்லை. முதல் தேதிதான் எல்லாம்.

கூடாரத்தில் நடந்ததைக் கேட்டீர்கள். குமாஸ்தா "யார் நிலம்?" என்று கேட்டான். "எங்க குலத்து நிலம், அக்காவுக்காக வந்திருக்கேன்" என்றேன். "அக்கா எங்க?" என்றான். "வீட்டுல" என்றேன். "வீட்டுல இருக்கிறவ பேரையெல்லாம் எழுத முடியாது. வந்தவன் பேரச் சொல்லு" என்றான். சொன்னேன். அதிகாரி எழுதினார். நான் எழுதச் சொல்லவில்லை. அன்றைக்கு நம் ஊரில் எல்லா நிலமும் அப்படித்தான் எழுதப்பட்டது. ஒவ்வொரு அக்காவின் நிலமும் ஒரு தம்பி பெயரில் இருக்கிறது. மற்றவர்கள் இன்னும் விற்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் குலம், வழக்கம் என்பீர்கள். காட்டை வெட்டித் திருத்திய நம் மூதாட்டிக்கு அந்தக் காலத்துத் தலைவர் ஒரு சேவலும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வாய்ச்சொல்லாகக் கொடுத்த நிலம் என்பீர்கள். நான் ஒரு வருடமாக நில அளவைக் குழுவில் சங்கிலி இழுக்கிறேன் அக்கா. அந்தத் தலைவரின் வாரிசு இப்போது துரைமார்களிடம் மாதச் சம்பளம் வாங்குகிறார். அவர் தாத்தாவின் வாய்ச்சொல்லை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்? இப்போது நிலம் என்றால் கிராண்ட் என்கிற பட்டாக் காகிதம். காகிதம் யார் பெயரிலோ நிலம் அவருடையது. இதை நான் உண்டாக்கவில்லை.

என் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். கம்சியா இறந்த நூறாம் நாள் கந்தூரி முடிந்து, பாத்திரம்கூடக் கழுவவில்லை. மாமியார் வந்து நின்றாள். "மருமகனே, பொண்ணு போயிட்டா. இனி உங்களுக்கு இங்க என்ன இருக்கு? நீங்களே கிளம்புறீங்களா, நாங்க சொல்லணுமா?" பதினோரு வருடம் அந்த வீட்டுக்கு உழைத்தேன். நான் வைத்த நாற்பது தென்னை அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. மரமும் அவர்களுக்கு. ஆறு வயது மகள் ரொக்கியாவும் அவர்கள் குலம். சேர்ந்து சம்பாதித்ததில் என் பங்கு என்று ஒரு ஆட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயதில் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

இங்கே பட்டணத்து ஓரத்தில் ஒரு மனை பார்த்திருக்கிறேன். யாரும் என்னைக் கிளம்பு என்று சொல்ல முடியாத வீடு ஒன்று எனக்கு வேண்டும். ரொக்கியா வந்தால் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான். வருவதில் பாதியை உங்களுக்கும் லிஜாவுக்கும் தருகிறேன்.

சிடின்


லூபுக் செந்தால்,
ரபியுல் அவ்வல் 20

சிடின்,

பாதி தருகிறாயாம்! என் நிலத்தில் எனக்கே பாதி! பெரிய தர்மவான்தான் நீ.

நீ தரும் பாதியைக் கொண்டுபோய் எந்தச் சேற்றில் நாற்று விடுவேன்? ரப்பர் மரத்தடியில் நெல் விளையுமா?

நேற்று என்ன நடந்தது தெரியுமா? லிஜாவின் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டு நிறைய வெற்றிலையோடு வந்தார்கள். நான் கல்யாண நாள் குறிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவசர அவசரமாகக் காப்பி கலக்கினேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை.

"ஜெனாப், தப்பா நெனச்சுக்காத. நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்த நீங்களே வெச்சுக்குங்க."

முறிக்கிறவர்கள் மோதிரத்தை இழக்க வேண்டும் என்பதுதானே வழக்கம். தங்க மோதிரம். அதை இழக்கவும் தயாராக வந்திருந்தார்கள்.

"என்ன குத்தம் கண்டீங்க எங்க பொண்ணுகிட்ட?"

"பொண்ணுகிட்ட ஒரு குத்தமும் இல்ல. பொண்ணு வீட்டுக்குத்தான எங்க பையன் வந்து இருக்கணும்? நிலம்தான் போகப்போகுதாமே. அவன் எங்க வந்து இருப்பான், ரப்பர் மரத்து மேலயா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். லிஜா அடுப்பங்கரையில் இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. இன்று காலை முதல் அவள் நெல் குத்துகிறாள், குத்தின நெல்லையே மறுபடியும் குத்துகிறாள். உன் மகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று என் மகளைத் தெருவில் விடுகிறாய். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நீ.

நம் குலத் தலைவர் டத்தோவிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வழக்கத்து நிலம் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் அதைக் குலத்துக்கு வெளியே யாருக்கும் விற்க முடியாது. பெயரையும் பெண்ணின் பெயருக்கு மாற்றலாம். ஆனால் யார் பெயரில் இருக்கிறதோ அவன் டத்தோவோடு வந்து, "இது என்னுடையது இல்லை, அக்காவுடையது" என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். முதல் தேதிக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கம்பெனியின் நிலம், அழுதாலும் வராது.

ஒரு நாள் லீவு போட்டு வந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போ. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம், உன்னைத் துரத்திவிட்டார்கள் என்று அழுகிறாயே. அம்மா வீடு இங்கே இல்லையா? வந்திருக்கலாமே! யார் கதவைச் சாத்தினார்கள்?

ஜெனாப்


சிரம்பான்,
1911 மார்ச் 31

அக்கா,

யார் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்டீர்கள். சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அந்த ஆட்டை இழுத்துக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். மத்தியானம். நீங்கள் மரவள்ளிக் கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தீர்கள். காப்பி கொடுத்தீர்கள். மானாஃப் மச்சான் எதிரில் வந்து உட்கார்ந்தார். கடைக்குட்டிக்கு வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி, மிக அன்பாகத்தான் கேட்டார். "அப்புறம் பூசு, எத்தன நாள் இருக்கப்போற?"

உங்களைப் பார்த்தேன். நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று பார்த்தேன். 'அவன் வீடு இது, அவன் இருப்பான்' என்று ஒரு வார்த்தை. நீங்கள் கிழங்கைப் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

வீட்டில் இடமில்லாத ஆண்கள் படுக்கும் தொழுகை மண்டபத்தில் மூன்று நாள் படுத்தேன், மீசை முளைக்காதவர்களோடு ஒரு பக்கம், பல் விழுந்த கிழவர்களோடு ஒரு பக்கம். நான்காம் நாள் ஆட்டை விற்றுவிட்டுச் சிரம்பானுக்கு நடந்தேன். நான் ஊரில் இல்லை என்பது உங்களுக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது? ஒரு கடிதம் போட்டீர்களா? சிவப்பு முளையைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குத் தம்பி நினைவு வந்தது.

இன்னும் ஒன்று. போன கடிதத்தில் ஒளிக்க எதுவும் இல்லை என்று எழுதினேன். அது பொய். அன்று கூடாரத்தில் எழுதி முடித்த பிறகு குமாஸ்தா படித்துக் காட்டினான். "சரியா இருக்கா? இனி இது உன் நிலம்" என்றான். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பின்னால் நின்றவன்கூடப் பொறுமையாகத்தான் நின்றான். நான் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அம்மாவின் வீடு, அக்காவின் வயல், பெண்டாட்டியின் தோட்டம் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். முதல் முறையாக ஒருவன் என் முகத்தைப் பார்த்து 'உன் நிலம்' என்றான். அது எனக்கு இனித்தது. நான்கு வருடமாக யாருக்கும் தெரியாமல் அந்த வார்த்தையைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வேண்டுமானால் திருடன் என்று சொல்லுங்கள். தேவைப்படும்போது மட்டும் பேசுவதற்கு ஒரு வாயாக என்னை அனுப்பினீர்கள். அந்த வாய் இப்போது தனக்காகப் பேசுகிறது.

நான் வர மாட்டேன்.

சிடின்


லூபுக் செந்தால்,
ரபியுல் ஆகிர் 14

பூசு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கிழித்துப் போடலாம் என்று இருந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான்.

கிழங்கு கருகிப்போயிற்று, அது உனக்குத் தெரியாது. நீ இறங்கிப் போன பிறகு சட்டியோடு தூக்கி வெளியே எறிந்தேன். மானாஃபும் இந்த வீட்டுக்கு வந்த மனிதர்தான். இன்னொரு ஆண் வந்து உட்கார்ந்தால் தனக்கு இடம் சுருங்கிவிடும் என்று பயந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு. இந்தத் தப்பை ஒப்புக்கொண்டு எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது என்றால் என் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்.

ஆனால் கேள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது ஒரு மத்தியானம். நீ மூடிக்கொண்டு இருந்தது நான்கு வருடம். அதுவும் அந்தக் கிழங்குச் சட்டிக்கு மூன்று வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டாய். ஆகவே எனக்கு வலித்தது, அதனால் விற்றேன் என்று கதை அளக்காதே. இனித்தது என்று எழுதினாயே, அதுதான் நிஜம். அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நீ வர மாட்டேன் என்றாய். சரி, நானே போனேன். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து டத்தோவையும் கூட்டிக்கொண்டு ஒன்பது மைல் நடந்து நில அலுவலகத்துக்குப் போனோம். மற்றவர்கள் நிலமும் தம்பிகள் பெயரில்தான் இருக்கிறது என்று நீ எழுதியதை வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டியிருந்தேன். அன்று இந்த ஊரில் எத்தனை தம்பிகளுக்குச் சோறு கிடைக்கவில்லை என்று கேட்டுப் பார்.

குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினான். "சந்தை அந்தப் பக்கம்."

"நாங்க நிலத்துக்கு வந்தோம்."

"ஆம்பிளைங்க எங்க?"

"அவங்கள நம்பித்தான் இந்தக் கதி" என்றாள் பின்னால் இருந்து சாவுடா. அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார், உன் நிலம் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று. "எந்த வரப்பு எந்த மாசம் கசியும்னு கேளுங்க, சொல்றேன். எந்த மரத்துப் பழம் மொதல்ல விழும்னு கேளுங்க, சொல்றேன். காகிதத்துல பேரு இருக்கிறவனக் கூப்பிட்டு இதையே கேளுங்க, சொல்றானா பாப்போம்" என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பெரிய புத்தகத்தைத் திறந்து உன் பெயரின்மேல் விரலை வைத்தார். "இவன் வந்து சொல்லட்டும். முதல் தேதிக்குள்" என்றார். ஒன்பது மைல் நடந்ததற்கு ஒரு விரல்.

அந்தக் கூடாரத்தின் முன்னால் நான் போய் நின்றிருந்தால் இது எதுவும் இல்லை. வெயிலில் நிற்பதைக் கேவலம் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எரிகிறது.

டத்தோ ஒன்று சொன்னார். தோப்பின் வடக்கு மூலையை உன் ஆயுள் வரைக்கும் உனக்குக் கொடுக்கலாம் என்கிறார். குலத்து ஆண்களுக்கு அப்படிக் கொடுக்கும் வழக்கம் உண்டு என்பது உனக்கும் தெரியும். வீடு கட்டிக்கொள், உன் மகளைக் கூட்டி வந்து வைத்துக்கொள், டுரியான் விற்றுச் சாப்பிடு. உனக்குப் பின் அது லிஜாவிடம் திரும்பும். நான் சரி என்றேன். பாசத்தால் சொன்னதாக நினைக்காதே. வேறு வழி இல்லை.

பதினேழு நாள் இருக்கிறது.

ஜெனாப்


சிரம்பான்,
1911 ஏப்ரல் 22

அக்கா,

வருகிறேன். வியாழக்கிழமை, 27-ஆம் தேதி. டத்தோவை அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். உங்களுக்காக வரவில்லை. எதற்காக என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் குழுவுக்கு அடுத்து அளக்க வேண்டிய நிலங்களின் பட்டியல் வந்தது. அதே கம்பெனி. ஏழாவது வரியில் கம்சியாவின் வயல் இருந்தது. அவள் இறந்தபின் ரொக்கியாவுக்கு உரிய வயல். விற்பவர் பெயர் டெராமான். கம்சியாவின் அண்ணன்.

அன்றே லீவு சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனேன். நான் வைத்த தென்னைகளுக்கு நடுவில் நின்று இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று வெட்டி நீட்டினான்.

"ரொக்கியா நிலத்த விக்க நீ யாரு?" என்றேன்.

"நான் என்ன பண்ணுவேன் மச்சான்? அன்னிக்குக் கூடாரத்துல ஆபீசர் எம் பேர எழுதிட்டாரு. நான் எழுதச் சொல்லல."

"அவ சின்னப்புள்ளடா!"

"அதான் பாதி தர்றேன்னு சொல்லிட்டனே."

கையை ஓங்கிவிட்டேன் அக்கா. ஓங்கிய கையோடு அப்படியே நின்றேன். அவன் பேசிய ஒவ்வொரு சொல்லும் நான் உங்களுக்கு எழுதியது. ஒரு சொல் கூட மாறவில்லை. அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"அடி மச்சான், அடி. ஒங்க அக்கா நிலத்த வித்தவன்தான நீ? எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்."

ரொக்கியா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வரவில்லை. நான் எதற்கோ கத்துகிறேன் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

என் பெயரில் உங்கள் நிலம் இருக்கும் வரைக்கும் நான் அவனை எதிர்த்து எந்த இடத்திலும் வாய் திறக்க முடியாது. அதனால் வருகிறேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. மூன்று நாள் மண்டபத்தில் படுத்ததை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஒரு நிபந்தனை. வடக்கு மூலை என் ஆயுளுக்கு எனக்கு என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். வாய்ச்சொல்லை நம்பினவர்களின் வயலைத்தான் நான் தினமும் அளக்கிறேன்.

சிடின்


லூபுக் செந்தால்,
ஜமாதுல் அவ்வல் 9

தம்பி பூசு,

சலாம். இந்த முறை எழுத வந்தது.

அன்று அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டாய். உன்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சாவுடாவின் மகன் வந்து சொன்னான். அதிகாரி உன்னிடம், "அன்னைக்கு என்கிட்ட சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார். அரசாங்கத்தில் வேலை பார்ப்பவன் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான் என்று எனக்கே தெரிந்தது, உனக்குத் தெரியாதா? "அன்னைக்கு" என்றாய். ஒரே வார்த்தை. சத்தமாகச் சொன்னாய். நன்றி சொல்ல மாட்டேன். என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு என்ன நன்றி? ஆனால் நான் அதைக் கேட்டேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

முளைகளை லிஜாதான் பிடுங்கினாள். அடுப்பு எரிக்க வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். லிஜா உள்ளே இருந்தபடியே, "மோதிரத்த எங்களையே வெச்சுக்கச் சொன்னீங்களே, வெச்சுக்கிட்டோம்" என்றாள். தட்டு வந்த வழியே போயிற்று. எனக்குப் பாதி சந்தோஷம், பாதி கவலை.

உன் பேச்சுக்குப் பிறகு ஊரில் ஐந்து தம்பிகள் அலுவலகம் போய் அக்கா பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆறு பேர் இன்னும் நாளை, நாளை மறுநாள் என்கிறார்கள். வியாழக்கிழமை நாங்கள் டெராமானின் ஊருக்குப் போகிறோம். அந்த ஊர்ப் பெண்களுக்கு உன் முதல் கடிதத்தைப் படித்துக் காட்டப் போகிறேன். நீயும் வா. பேசுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ பின்னால் நில்.

வெள்ளிக்கிழமை குலக்கூட்டம் நடந்தது. உன்னைக் குலத்திலிருந்து விலக்க வேண்டும் என்று பாதிப் பேர் கத்தினார்கள். தம்பிகள்தான் அதிகம் கத்தினார்கள், தங்கள் குட்டு வெளிப்பட்ட எரிச்சல். டத்தோ என்னைக் கேட்டார். நான் எழுந்து சொன்னேன். "அவன் திருடன்தான். நான் ஒண்ணும் மன்னிச்சிடல. ஆனா அவன் எங்க வீட்டுத் திருடன். அவன வெளிய போன்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு. நான் சொல்லல." அதோடு டத்தோ கூட்டத்தை முடித்தார். மானாஃபும் அங்கே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவராகவே கோடரியை எடுத்துக்கொண்டு வடக்கு மூலையில் புதர் வெட்டப் போனார்.

இனி உன் நிபந்தனை. அதை நான் மறக்கவில்லை. நீ நடந்த பிறகு டத்தோவும் நானும் மறுபடி உள்ளே போய்க் கேட்டோம். அதிகாரி புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். ஆயுளுக்கு மட்டும் ஒரு தம்பிக்கு என்று எழுத இதில் இடமே இல்லை என்றார். "ஒரு நிலம், ஒரு பெயர்" என்றார். ஜெனாப் என்று எழுதி மூடிவிட்டார். நானே கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே வடக்கு மூலைக்கு உன்னிடம் காகிதம் கிடையாது. நாளைக்கே எனக்கு மனம் மாறி உன்னைக் கிளம்பு என்று சொன்னால், நீ போய் நிற்க ஓர் அலுவலகம் இல்லை, காட்ட ஒரு வரி இல்லை. பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். நான்கு வருடம் நான் உன் வாய்ச்சொல்லில் குடியிருந்தேன், இருப்பது தெரியாமலே இருந்தேன். இனி நீ என் வாய்ச்சொல்லில் இரு.

சொல்ல மாட்டேன் பூசு. ஆனால் அதை நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

உன் அக்கா
ஜெனாப்